விண்வெளியில் சத்தம் கிடையாது

புக்கிட் செராய் தோட்டத்தில் விண்வெளியின் சத்தத்தைக் குறைக்கும் பொறுப்பு, ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்க்கும் நவமணியிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்கு முன்னால் அந்தத் தோட்டத்தில் விண்வெளிக்கென்று யாரும் பொறுப்பாக இருந்ததில்லை. ரப்பர் மரத்துக்கு, வேலை வாங்குகிற மண்டோர் இருந்தார். அதன் பாலுக்கு, கணக்கெழுதுகிற ஸ்டோர் கிராணி இருந்தார். மாரியம்மன் கோயிலுக்கும் மாதா சிற்றாலயத்துக்கும் தனித்தனிக் கமிட்டி இருந்தது. வானத்தை மட்டும் அதன் போக்கில் விட்டிருந்தார்கள்.

பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் இஞ்ஞாசிமுத்து, சுங்கைப் பட்டாணி நகரில் நடந்த ஒரு கருத்தரங்குக்குப் போய் வந்ததோடு அந்த நிலைமை முடிந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. பட்டணத்தில் வசதியுள்ள வீடுகளுக்குக் கலர் டிவி வந்துவிட்டிருந்தது. தோட்டத்து மண்டபத்தில் இருந்தது கறுப்பு வெள்ளைப் பெட்டி. அதை ஒரு மர அலமாரிக்குள் வைத்து, இரட்டைக் கதவு போட்டுப் பூட்டியிருந்தார்கள். சாவி பெரிய கிராணி ஜூலியஸின் இடுப்பில் தொங்கும். சனிக்கிழமை சாயங்காலம் அவர் கதவைத் திறந்ததும் பிள்ளைகள் சிமெண்டுத் தரையில் நெருக்கியடித்து உட்காருவார்கள். அவர்களுக்கு நடுவில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்தவளைப்போல, நவமணியும் உட்காருவாள். உண்மையில் அவள் அந்தப் படத்தைப் பார்க்கத்தான் வந்தாள். முப்பத்தைந்து வயதுப் பெண்பிள்ளை பொம்மைப் படம் பார்க்க வருகிறாள் என்று லயத்து வீடுகளில் யாரும் பேசிவிடக் கூடாது என்பதற்காக, அவ்வப்போது ஏதாவது ஒரு பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிடுவாள்.

அது ஜப்பான்காரர்கள் வரைந்த விண்கலப் படம். ஆங்கிலத்தில் பேசியது, அடியில் மலாய் எழுத்து ஓடியது. நவமணி மூன்றாம் வகுப்போடு நின்றவள். மலாய் பேசத் தெரியும், ஓடுகிற எழுத்தை எட்டிப் பிடிக்கத் தெரியாது. சத்தத்தை வைத்துத்தான் அவளுக்குக் கதை புரிந்தது. இயந்திரம் உறுமினால் ஆபத்து. மெல்ல முனகினால் ஓட்டுகிறவள் யோசிக்கிறாள். அந்தக் கலத்தை ஓட்டுகிறவள் ஒரு பெண். கட்டையாக வெட்டின முடி, பேச்சு கம்மி. அவளுக்குத் துணையாக ஓர் இயந்திர ஆள் உண்டு. கவிழ்த்துவைத்த பால்வாளி மாதிரி இருக்கும். பிள்ளைகள் அதை வாளி என்றார்கள். படத்துக்கே வாளிப் படம் என்று பேராகிவிட்டது. எங்கேயோ தொலைந்துபோன அந்தக் கலம் வாராவாரம் தன் வீட்டைத் தேடிக்கொண்டு போனது. அவ்வளவுதான் கதை.

அவ்வளவுதான் என்று மற்றவர்கள் சொல்லலாம். நவமணி பண்டார் பாரு பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து கல்யாணமாகி வந்தவள். அவள் வந்த பிறகு அந்தத் தோட்டம் கைமாறி, ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள், லயங்களை இடித்துப்போட்டார்கள். தாய்தகப்பன் குடிபெயர்ந்து போன இடம் வேறு. அவள் நினைப்பில் இருக்கும் வீடு நின்ற இடத்தில் இப்போது பனை நின்றது. தேடிக்கொண்டு போகிறவள் கடைசியில் போய் நிற்கும்போது அங்கே என்ன இருக்கும்? இதை அவள் யாரிடமும் கேட்டதில்லை. தன்னிடமே நேராகக் கேட்டுக்கொண்டதில்லை. சனிக்கிழமைதோறும் மண்டபத்துத் தரையில் உட்கார்ந்து, ஓட்டுகிறவள் வீடு போய்ச் சேர்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கருத்தரங்கில் பெரிய வாத்தியாருக்குத் தெரியவந்தது இது: பிள்ளைகள் பார்க்கும் விண்வெளிப் படங்களில் அறிவியல் பிழைகள் மலிந்திருக்கின்றன. வட்டார அறிவியல் விழிப்புணர்ச்சி மன்றத்தின் தலைவர் பரஞ்சோதி அங்கே பேசியிருக்கிறார். தவறான விண்வெளியைப் பார்த்து வளரும் பிள்ளை சரியான உத்தியோகத்துக்குப் போகாது என்று புள்ளிவிவரத்தோடு சொல்லியிருக்கிறார். புள்ளிவிவரம் என்னவென்று பெரிய வாத்தியாருக்கு நினைவில்லை. ஆனால் இருந்தது.

புக்கிட் செராய் பள்ளிக்கூடத்தில் அறிவியலுக்கென்று இருந்தது ஒரு லாட காந்தம். தொட்டால் சக்தி போய்விடும் என்று அதைக் கண்ணாடிப் பீரோவில் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் வரிசையாக நின்று அதைப் பார்த்து அறிவியல் படித்தார்கள். இப்படிக் கட்டிக்காத்த அறிவியலை ஒரு ஜப்பான் பொம்மை வந்து கெடுப்பதைப் பெரிய வாத்தியாரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த வாரமே அறிவியல் உண்மைக் காப்புக் குழு அமைந்தது. தலைவர் அவர். சாவி கையில் இருந்ததால் ஜூலியஸ் துணைத் தலைவர். கையெழுத்து நன்றாக இருந்ததால் சின்ன வாத்தியார் அழகேசன் செயலாளர்.

குழு முதலில் சத்தத்தைக் கவனித்தது.

“நவமணி, இனிமே நீ பெட்டி பக்கத்துலயே உக்காரு,” என்றார் பெரிய வாத்தியார். “கப்பல் வெளிய தெரிஞ்சா சத்தத்த மூடு. உள்ள ஆளுங்க தெரிஞ்சா தொற.”

“எதுக்குங்க வாத்தியாரே?”

“விண்வெளியில காத்து இல்ல. காத்து இல்லாத எடத்துல சத்தம் கெடையாது. பிள்ளைங்க தப்பாப் படிச்சிறக் கூடாது.”

நவமணி தலையாட்டினாள். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, “அங்க பாட்டு வாசிக்கிறாங்களே, அது யாருங்க?” என்று கேட்டாள்.

குழு அதை யோசித்திருக்கவில்லை. அந்த ஒரு கேள்விக்காகத் தனிக் கூட்டம் போட்டார்கள். கலத்துக்குள் வாத்தியக்காரர்கள் யாரும் இதுவரை காட்டப்படவில்லை. இரண்டு பேர் போகிற கலத்தில் முப்பது பேர் வாசிக்கிற சத்தம் கேட்பதாக அழகேசன் எடுத்துச் சொன்னார். அந்த முப்பது பேரும் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்குச் சாப்பாடு யார் கொடுப்பது என்று ஜூலியஸ் கேட்டார். முடிவில் பாட்டும் பிழை என்று தீர்மானமானது.

அடுத்த சனிக்கிழமை நவமணி அலமாரியை ஒட்டி, பெட்டியின் பக்கவாட்டில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் படம் சப்பையாக, ஈர்க்குச்சி மனிதர்களைப்போலத் தெரிந்தது. விரல் குமிழில் இருந்தது. கலம் வெளியே தெரிந்தது, திருகினாள். உள்ளே தெரிந்தது, திருகினாள். ஓட்டுகிறவள் ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்தபோது என்ன செய்வதென்று தெரியாமல் குழுவைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் ஏதோ ஒன்று வெடித்துவிட்டது. முன்வரிசைப் பிள்ளைகள் அந்த வெடியை வாயால் போட்டார்கள். வாயால் போடும் சத்தமும் சத்தமே என்று பெரிய வாத்தியார் எழுந்து அறிவித்தார். அதற்குப் பிறகு மண்டபத்தில் நட்சத்திரங்கள் சத்தமில்லாமல் வெடித்தன. பின்வரிசையில் ஒரு பிள்ளை தூங்கிப்போய்விட்டது.

நவமணிக்குக் கதை விட்டுப்போனது. இயந்திரம் உறுமுகிறதா முனகுகிறதா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? உறுமும்போதெல்லாம் கழுத்தை நெரிக்கிற வேலை அவளுடையது. தனக்குப் பிடித்த ஒன்றை அமுக்குவதற்குத் தன் கையையே கேட்டிருக்கிறார்கள், தானும் கொடுத்துவிட்டோம் என்பது அவளுக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் உறைத்தது. முடியாது என்று சொல்லலாம் என்று நினைத்தாள். சொன்னால் வேறு யாரையாவது உட்காரவைப்பார்கள். அவளாவது சில நேரம் மறந்ததுபோலக் கொஞ்சம் மெதுவாகத் திருகினாள். அது ஒன்றுதான் அவள் செய்த கலகம்.

பிறகு செவ்வாய்க் கிரகம் வந்தது. கலம் அதன் பக்கமாகப் போனபோது அது சாம்பல் நிறமாக இருந்தது. குழு பதறிப்போனது. செவ்வாய் சிவப்பு என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியுமே. படத்தை எடுத்தவருக்குக் கடிதம் எழுதுவதென்று அன்றைக்கே தீர்மானித்தார்கள். பெட்டியே கறுப்பு வெள்ளைதானே என்று அழகேசன் மெல்ல இழுத்தார்.

“சரி,” என்றார் பெரிய வாத்தியார். “இந்தத் தோட்டத்துப் பிள்ளை எந்தப் பெட்டியில பாக்குது?”

“இந்தப் பெட்டியிலதாங்க.”

“இந்தப் பெட்டியில செவ்வாய் என்ன நெறம்?”

“சாம்பல்ங்க.”

“அப்பறம் என்ன. எழுதுங்க.”

கடிதம் தமிழில் போனது. ஜப்பான்காரருக்குத் தமிழ் எப்படித் தெரியும் என்று ஜூலியஸ் கேட்டதற்கு, அறிவியலில் இவ்வளவு பின்தங்கியவர்கள் மொழியிலாவது முன்னேறட்டும் என்று பெரிய வாத்தியார் சொன்னார். பதில் வரவில்லை. பதில் வராதது குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கு அடையாளம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது.

அதுவரைக்கும் பிள்ளைகள் கெட்டுப்போகாமலிருக்க, ஜூலியஸ் பட்டணத்துக் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தாள் வாங்கிவந்தார். அப்போது பல வீடுகளில் அதைப் பெட்டிக்கு முன்னால் மாட்டி, கலர் டிவி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேலே நீலம், நடுவில் செம்மஞ்சள், கீழே பச்சை. வானமும் மனிதனும் புல்லும் உள்ள படத்துக்கு அது பொருந்தலாம். ஓட்டுகிறவளுக்கு நெற்றி நீலமாகவும் கால் பச்சையாகவும் ஆனது. அவள் குனிந்தால் பச்சையாகி நிமிர்ந்தால் நீலமானாள். விண்வெளியின் அடிப்பாகம் முழுக்கப் பச்சையாக இருந்தது. விண்வெளியில் புல் முளைப்பதாகக் காட்டுகிறார்கள் என்று ஜப்பானுக்கு இரண்டாவது கடிதம் போனது.

ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் பிழைதிருத்தம் உண்டு. பிள்ளைகள் எழுந்து நிற்க, அழகேசன் வாசிப்பார். அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். இயந்திரத்துக்குக் கண்ணீர் வராது. பெண் ஒருத்தி தனியாக அவ்வளவு தூரம் ஓட்டிப்போக எரிபொருள் போதாது. நவமணிக்கு இரண்டாவது திருத்தத்தில் எரிபொருள் சும்மா ஒட்டிக்கொண்டு வந்ததுபோல இருந்தது. அதை அவள் மனசுக்குள் வைத்துக்கொண்டாள்.

ஒரு வாரம் திருத்தம் முடிந்து, சந்தேகம் ஏதும் உண்டா என்று பெரிய வாத்தியார் கேட்டார். வழக்கமாக யாருக்கும் இருக்காது. அன்றைக்கு மருதம்மாள் எழுந்து நின்றாள். அவள் நவமணிக்குப் பக்கத்து வீடு. ரப்பர் மரத்தடியில் லாலாங் என்கிற களைப்புல்லுக்கு மருந்தடிக்கிற வேலை. மகனைக் கூட்டிப்போக வந்தவள்.

“எனக்கு ஒன்னு கேக்கணும் வாத்தியாரே. நாங்க அடிக்கிற புல்லு மருந்து இருக்குல்ல, அதப் பத்தி அறிவியல் என்னா சொல்லுது? கையில நகம் கழண்டு வருது. மூக்குல ரத்தம் வருது. மண்டோர் கேட்டா அது தண்ணி மாதிரித்தான்னு சொல்றாரு.”

மூன்று பேரும் தலையை ஒன்றாக வைத்துக் கலந்து பேசினார்கள். ஜூலியஸ் ஆபிஸ் பக்கமாக ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு பெரிய வாத்தியார் தொண்டையைச் செருமினார்.

“இந்தக் குழுவோட அதிகாரம் காற்று மண்டலத்துக்கு மேலதாம்மா. அதுக்குக் கீழ எல்லாம் நிர்வாகம்.”

மருதம்மாள் மகன் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்ததும் நவமணியிடம், “அப்ப நான் ஏணி வெச்சு ஏறிப்போய்த்தான் கேக்கணும்லா,” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நவமணிக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன்னையும் மருதம்மாள் குழுவில் ஒருத்தியாக எண்ணிவிட்டாளோ என்று இருந்தது.

பிழைகளைத் தேடத் தேட அவை பெருகின. அடுத்து தூரம் பிடிபட்டது. ஒரு கிரகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வருஷக்கணக்காகும். இவர்கள் விளம்பரம் வந்து போவதற்குள் போய்விடுகிறார்கள். இது தூரத்துக்கு மரியாதைக்குறைவு என்று பெரிய வாத்தியார் வருந்தினார். அன்றுமுதல் கலம் கிளம்பியதும் ஜூலியஸ் எழுந்துபோய் அலமாரிக் கதவைச் சாத்திவிடுவார். பிள்ளைகள் மூடின கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதுதான் பயணம். படம் முடியப்போகிற நேரத்தில் கதவு திறக்கும். கலம் எங்கோ போய் நின்றிருக்கும். ஓட்டுகிறவளின் கையில் கட்டுப் போட்டிருக்கும். எதற்கென்று யாருக்கும் தெரியாது. ஒரு சனிக்கிழமை கதவு திறந்தபோது வாளியைக் காணவில்லை. ஓட்டுகிறவள் அது நிற்கிற இடத்தைப் பார்த்தபடி நின்றாள். பாட்டு வந்ததால் சத்தத்தை மூட வேண்டியிருந்தது; அழுகிறாளா பேசுகிறாளா என்று தெரியவில்லை. அகத்தா என்கிற சிறுமி நவமணியின் சேலையை இழுத்து, “அக்கா, வாளி கீழ விழுந்துருச்சா?” என்று கேட்டாள். விண்வெளியில் கீழ் என்பது கிடையாது என்று அழகேசன் திருத்தினார்.

அடுத்த வாரம் கடைசிப் படம் என்று அறிவிப்பு வந்தது. கலம் வீடு சேருமா சேராதா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

அந்த வாரம் முழுக்க நவமணிக்கு வேலையில் மனம் நிற்கவில்லை. தொட்டிலை ஆட்டும்போது கை ஓரிடத்தில் நின்றுவிடும். தன் வயதுக்கு இது அசிங்கம் என்று அவளே தன்னை ஏசிக்கொண்டாள். ஆனால் அவளுக்கு வேண்டியது சின்ன விஷயம்தான். கலத்தின் கதவு திறக்கும், ஓட்டுகிறவள் இறங்குவாள், அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். வீடு இருந்தால் எப்படியிருக்கும் அந்த முகம், இல்லாவிட்டால் எப்படியிருக்கும் என்று பார்த்துவிட வேண்டும். அதற்கு ஒரு நிமிஷம் போதும். வெள்ளிக்கிழமை துணிச்சல் வந்து ஜூலியஸிடம் போய், கடைசிப் படமாவது கதவைச் சாத்தாமல் காட்டக்கூடாதா என்று கேட்டாள். கடைசிப் படத்துக்கு விழாவே எடுக்கப்போகிறோம், பரஞ்சோதி ஐயாவே வருகிறார் என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார்.

விழாவுக்கு மண்டபத்தில் தோரணம் கட்டினார்கள். பெட்டி சூடாக நேரமெடுக்கும் என்பதால் முன்கூட்டியே போட்டு, சத்தத்தை முழுக்கக் குறைத்து, கதவைச் சாத்தினார்கள். நவமணி பக்கத்தில் உட்கார்ந்து, கதவிடுக்கு வழியாகக் கையை விட்டுக் குமிழைப் பிடித்துக்கொண்டாள். வரவேற்புரை, சிறப்புரை, பிறகு படம், பிறகு இறுதி மதிப்பீடு என்று ஏற்பாடு.

பரஞ்சோதி கோட்டு போட்டு வந்திருந்தார். மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியையும் கழற்றித் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

“பெரியோர்களே, தாய்மார்களே,” என்று தொடங்கினார். “இந்தப் படத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அதுவே என் தகுதி. பார்த்தவன் மயங்குவான். பார்க்காதவன்தான் நடுநிலையில் நிற்பான். எங்கள் மன்றம் இதுவரை கண்டித்த எந்தப் படத்தையும் நாங்கள் பார்த்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.”

கைதட்டினார்கள். கதவிடுக்கில் ஒரு வெளிச்சம் அசைந்து நவமணியின் மணிக்கட்டில் விழுந்தது. படம் தொடங்கிவிட்டது. அவள் பெரிய வாத்தியாரைப் பார்த்தாள். அவர் பேச்சாளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காலொன்று மேசைக்கடியில் நிலைகொள்ளாமல் ஆடியது.

பரஞ்சோதி அறிவியலின் தோற்றத்திலிருந்து வந்தார். ஆதாரமில்லாத எதையும் நம்பக் கூடாது என்பதுதான் மன்றத்தின் உயிர்மூச்சு என்றார். இதையெல்லாம் வெள்ளைக்காரனும் ஜப்பான்காரனும் இப்போதுதான் பேசுகிறார்கள். நம் முன்னோர் பத்தாயிரம் ஆண்டுக்கு முன்பே நிலவுக்குப் போய்த் திரும்பினார்கள் என்றார். “அதற்கு ஆதாரம் கேட்கிறார்கள். முன்னோரிடம் ஆதாரம் கேட்பவன் பிள்ளையா?” என்று மேசையைத் தட்டினார். அழகேசன் அதையும் எழுதிக்கொண்டார்.

மணிக்கட்டில் வெளிச்சம் துடித்தது. வேகமாக, வெள்ளையாக. ஏதோ நடக்கிறது. பிறகு வெகுநேரம் இருட்டு. நவமணி கையை அசைக்காமல் வைத்திருந்தாள். கதவை ஒரு விரற்கடை இழுத்தால் தெரியும். இழுத்தால் மண்டபம் முழுக்கப் பார்க்கும். இழுக்கலாம், என்ன செய்துவிடுவார்கள்? இழுக்கவில்லை. பேச்சு இதோ முடிந்துவிடும் என்று ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் நம்பினாள். ஒவ்வொரு வாக்கியமும் ஆகவே என்று திரும்பக் கிளம்பியது. கடைசியாக மணிக்கட்டில் ஒரு மங்கல் வெளிச்சம் வந்து, ஆடாமல் அப்படியே நின்றது.

“ஆகவே, கதவைத் திறவுங்கள்,” என்றார் பரஞ்சோதி.

ஜூலியஸ் திறந்தார். திரையில் ஒருவர் கோட்டும் டையுமாக உட்கார்ந்து நேராகப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். பரஞ்சோதி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்துவிட்டு, உருவத்தை மட்டும் தத்ரூபமாக வரைந்திருக்கிறார்கள் என்று பாராட்டினார். அது செய்தி என்று ஜூலியஸ் அவர் காதில் சொன்னார்.

பிள்ளைகளில் ஒன்று விசும்பத் தொடங்கியது. பெரிய வாத்தியார் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். ஏற்பாட்டின்படி இறுதி மதிப்பீடு பாக்கி இருந்தது. படம் இல்லை என்பதற்காக மதிப்பீட்டை விட்டுவிட்டால் குழு என்னத்துக்கு? அவர் பார்வை அலமாரியடியில் வந்து நின்றது.

“நவமணி பெட்டி பக்கத்துலதான் இருந்தா. அவ பாத்திருப்பா. பாத்தியா நவமணி?”

அத்தனை முகமும் திரும்பியது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், தன் மணிக்கட்டைப் பார்த்தாள்.

“பாத்தேங்க.”

“சத்தம் இருந்துச்சா?”

“இல்லீங்க.”

“கப்பல் ஒளியைவிட வேகமாப் போச்சா?”

“மெதுவாத்தான் வந்துச்சு. ரொம்ப நேரம் இருட்டா இருந்துச்சுங்க.”

“இருட்டா,” என்று பெரிய வாத்தியார் நிமிர்ந்தார். “விண்வெளி இருட்டுதான். சரியாக் காட்டியிருக்காங்க. அந்த எந்திரம் அழுதுச்சா?”

“அது வரவே இல்லீங்க.”

“ரொம்பச் சரி. அப்பறம்?”

“கப்பல் எறங்குச்சு. கதவு தொறந்துச்சு. அவ எறங்குனா. அங்க யாரும் இல்ல. வீடும் இல்ல.”

இதைச் சொன்னபோது அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. யாரும் கவனிக்கவில்லை. மூவரும் கூடிப் பேசினார்கள். பரஞ்சோதியும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சேர்ந்துகொண்டார். அவ்வளவு தூரம் போய்த் திரும்பினால் பூமியில் நூற்றாண்டுகள் கடந்திருக்கும்; தெரிந்தவர் யாரும் உயிரோடு இருக்க முடியாது; வீடு இல்லாததே அறிவியல். தேடித் தேடிப் பார்த்தும் ஒரு பிழை அகப்படவில்லை. குழுவின் வரலாற்றில் முதல்முறையாக ஒரு படத்துக்கு முழு மதிப்பெண் கொடுத்தார்கள்.

பரஞ்சோதி மறுபடி மைக்கைப் பிடித்தார். “நம் கடிதங்கள் ஜப்பானை எட்டிவிட்டன,” என்றார். “தமிழன் கண்டித்தால் உலகம் திருந்தும்.” இந்த முறை எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பிள்ளைகளும் தட்ட வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை விடியலில், அம்மாக்கள் வேலைக்குப் பேர் கொடுக்கப் பிரட்டுக்குப் போன பிறகு, ஆயாக்கொட்டகையில் பிள்ளைகள் நவமணியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூடம் போகும் வழியில் பெரிய பிள்ளைகளும் வந்து நின்றார்கள். அகத்தாதான் கேட்டாள்: “நெசமா யாருமே இல்லையாக்கா?”

நவமணி இரண்டு இரவும் அதைத்தான் யோசித்திருந்தாள். அவர்கள் ஒத்துக்கொள்கிற மாதிரி ஏதோ சொல்லித் தப்பித்தோம் என்று முதலில் நினைத்தாள். அப்படியில்லை. அவள் சொன்னது பண்டார் பாருவை. இத்தனை வருஷமாகத் தனக்குள்ளேயே பூட்டிவைத்திருந்த ஒன்றை, ஊரைக் கூட்டி உட்காரவைத்துக் கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டாள். அதற்கு அவர்கள் நூற்றுக்கு நூறு போட்டார்கள். அந்த நூறுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“அது அவங்களுக்குச் சொன்னது,” என்றாள். “உங்களுக்குச் சொல்றேன், கேளுங்க.”

வாயைத் திறந்து இயந்திரத்தை உறுமவிட்டாள். இத்தனை வாரமாகத் தன் இரண்டு விரலால் நெரித்த சத்தம் அவ்வளவும் தொண்டையில் இருந்தது. கைக்குழந்தைகள் திடுக்கிட்டு அழுதன. மற்றவை கூடச் சேர்ந்து உறுமின. கல்மழை பெய்தது. கலம் தீப்பிடித்தது. முப்பது பேர் மேளம் வாசித்தார்கள். அது ஒளியைவிட வேகமாக வந்து, புழுதி பறக்க லயத்து வாசலில் இறங்கியது. வாசலில் வாளி நின்றது. முன்னாலேயே விழுந்து, முன்னாலேயே வந்து சேர்ந்து, வீட்டைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, தேத்தண்ணி கலக்கி வைத்துக்கொண்டு, இவ்வளவு நேரமா என்று ஏசியது. ஓட்டுகிறவள் இறங்கி அதைப் பார்த்தாள். அவள் முகம் எப்படி இருந்தது என்று நவமணி சொல்லவில்லை, செய்து காட்டினாள்.

பள்ளிக்கூடத்து மணி அடித்துப் பெரிய பிள்ளைகள் ஓடின. உடம்பு சுடுகிறதென்று அகத்தா மட்டும் தங்கிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் பெரிய வாத்தியார் வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் ஆயாக்கொட்டகைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. கூரையைப் பார்த்தார். தொட்டில் கயிற்றை இழுத்துப் பார்த்தார். அடுத்த வருஷம் சேரப்போகிற பிள்ளைகளைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். பார்த்து முடித்த பிறகும் போகவில்லை.

“நவமணி.”

“சொல்லுங்க வாத்தியாரே.”

“சனிக்கெழம நீ சொன்னதுல ஒன்னு விட்டுப்போச்சு.” அவர் குரலைத் தணித்துக்கொண்டார். “குழுவுக்காக இல்ல. சும்மாத்தான். அந்த வாளி... அதுக்கு மொத வாரம் காணாமப் போச்சே. கடைசியில அது கெடச்சுதா?”

நவமணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். சவரம் செய்யாத தாடை. இரண்டு நாளாகத் தூங்காத கண். இவரும் சனிக்கிழமைக்காகத்தான் காத்திருந்திருக்கிறார். எல்லா வாரமும், முன்வரிசை நாற்காலியில், பிழை தேடுகிற முகத்தை வைத்துக்கொண்டு. ஒரு கணம் அவளுக்கு மனம் இளகியது. பிறகு, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று விரல்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்ததால், அந்த இளக்கத்தை மெல்லத் திருகிக் குறைத்தாள்.

“அது எந்திரம்தானுங்களே. கெடைச்சா என்னா, கெடைக்காட்டி என்னாலா?”

“இல்ல, ஒரு இதுக்குத்தான்...”

“குழுவுல பேசி ஒரு முடிவு சொல்லுங்க வாத்தியாரே. நீங்க என்னா முடிவு பண்றீங்களோ, அதையே பிள்ளைங்களுக்குச் சொல்லிர்றேன்.”

அவர் நின்றார். போகவும் மனமில்லை, கேட்கவும் வழியில்லை. பாயில் உட்கார்ந்திருந்த அகத்தாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

நவமணி டின்னிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து அந்த வாயில் வைத்தாள்.